மாமனார் செய்த பெட்டி

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மருமகள் தன் மாமனாரிடம் முன்னறையைக் கேட்டாள். கேட்ட பிறகு வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அங்கேதான் நிறுத்தியிருந்தேன். இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்து உட்காருகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

மருமகள் ஆறு வருஷம் ஒரு கடையில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் வேலை பார்த்தவள். அந்த வேலையை விட்டாயிற்று. இனி சொந்தமாகச் செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்கு ஓர் இடம் வேண்டும். மாமனாரின் மரப்பட்டறையை ஒட்டி, தெருவைப் பார்த்தபடி, ஓர் அறை சும்மா கிடக்கிறது. அவள் கேட்டது அதைத்தான். பட்டறையில் செய்யும் அலமாரிகளுக்கு வார்னிஷ் அடித்துக் கொடுக்கும் பாலிஷ்காரரும், தன் டிரம்களை வைக்க அதே அறையை நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாமனார் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்ன பதில் இது.

"சனிக்கிழமை சாயங்காலம் பாலிஷ்காரர் பதில் கேட்டு வருவார். அதுக்குள்ள நம்ம பிக்கப்புல உன் வேலையைச் செஞ்சு காட்டு. எனக்குப் பிடிச்சா ரூம் உனக்கு. இல்லைன்னா அவருக்கு."

மகனுக்குக் கப்பலில் எஞ்சின் வேலை, வந்து சேர இன்னும் மூன்று மாதம். ஆகவே வீட்டில் மாமனார், மருமகள், அவள் அத்தை என்று கூப்பிடும் மாமியார் என மூன்று பேர்தான்.

அந்தச் சனிக்கிழமை இன்று.

காலை எட்டு மணிக்கே பிக்கப்பின் நாலு கதவும் திறந்து கிடந்தன. முன்னால் இருவர், பின்னால் மூவர் உட்காரும் வண்டி. அதற்கும் பின்னால், அலமாரி ஏற்றி ஏற்றிக் கீறல் விழுந்த திறந்த தட்டு. மருமகள் டிரைவர் பக்கக் கதவின் உள்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் அவளுக்குப் பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த ஸ்க்ரூவை எங்க வைக்கிற?"

"தட்டுல மாமா."

"மேல் ஸ்க்ரூவும் கீழ் ஸ்க்ரூவும் கலந்துடும்."

"ரெண்டும் ஒரே அளவுதான் மாமா."

"அளவு ஒண்ணுதான். இருந்த இடம் வேற வேற இல்லையா?"

அவள் இன்னொரு சின்னத் தட்டு எடுத்து வைத்தாள். மரக்கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மில்லிமீட்டர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பழைய ஸ்பீக்கர் வெளியே வந்தது. அதன் காகிதக் கிண்ணம் ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது.

"இதனாலதான் செய்தி வாசிக்கிற ஆள் மூக்கால பேசுறானா?"

"ஆமா மாமா. ரெண்டு வருஷமா பாவம் அவனுக்கு ஜலதோஷம்னு நினைச்சிட்டிருந்தீங்க."

மாமனார் சிரிக்கவில்லை. ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது.

கதவின் தகரத்துக்குள் அவள் தார் பூசிய தடித்த ஷீட்டை ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தட்டினால் 'டங்' என்ற கதவு இப்போது 'தொப்' என்றது. புது ஸ்பீக்கரைக் கதவில் உட்கார வைத்தாள். கட்டை விரல் அளவே இருந்த கீச்சு ஸ்பீக்கரைக் கண்ணாடி ஓரத் தூணில் பதித்தாள். ஒவ்வொரு திருப்புக்கும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னும் அரைச் சுத்து போகும்."

"பிளாஸ்டிக் மாமா. இறுக்கினா வெடிச்சிடும்."

"எதிர்ப்பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் மேல இருக்கோ?"

அவள் அளந்து காட்டினாள். ஒரு மில்லிமீட்டர். கழற்றி மறுபடி போட்டாள்.

அத்தை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் இதையெல்லாம் பார்த்தாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. சப்வூஃபர் என்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கர் சும்மா நின்று பாடாது. அதற்கென்று ஒரு மரப்பெட்டி வேண்டும். கடையில் தயாராகவே கிடைக்கும், வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள்.

"மரப்பொட்டியை வெளியில வாங்கறதா? இந்த வீட்டுலயா?" என்றார் மாமனார். அவ்வளவுதான்.

அவள் ஒரு தாளில் அளவுகளை எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை அவரே மரக்கடைக்குப் போய்ப் பலகை பார்த்து வாங்கி வந்தார். இரண்டே நாளில் பெட்டி தயார். பின்சீட்டின் முதுகு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ பெட்டியும் அவ்வளவே சாய்ந்திருந்தது. மூலைகளில் பலகையும் பலகையும் சேர்ந்த கோடு தேடினாலும் கிடைக்கவில்லை. மேலே கறுப்புக் கம்பளித் துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தார். கடையில் ஆறு வருஷம் எத்தனையோ பெட்டிகளைப் பார்த்தவள், இதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தடவினாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் கண்ணயர்ந்த அரை மணியில், பேட்டரியிலிருந்து பின்சீட்டுக்கு வயர் இழுக்க அத்தை உதவிக்கு வந்தாள். அவள் முன்னாலிருந்து தள்ள, மருமகள் சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்தாள்.

"உனக்கு அந்த ரூமேதான் வேணுமா?" என்று கேட்டாள் அத்தை, குரலைத் தாழ்த்தி.

"ஏன் அத்தை?"

"பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒரு ஷெட் காலியா இருக்காம். வண்டி நிறுத்த இடமும் இருக்காம்."

"இங்க இருந்தா உங்களுக்கும் துணை, எனக்கும் துணை. மாமா பட்டறையும் பக்கத்துல. பொட்டி, பலகைன்னு எதுவானாலும் கேட்டுக்கலாம்."

"அதான் சொல்றேன்," என்றாள் அத்தை. வயரைத் தள்ளினாள்.

இரண்டரை மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. மாமனார் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டார். எங்கேயும் போகப்போவதில்லை. ஆனாலும் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட் போடுவது அவர் வழக்கம்.

முதலில் முன் ஸ்பீக்கர்களை மட்டும் பாட விட்டாள். அவர் முப்பது வருஷமாகக் கேட்கும் பாட்டு.

"அந்தம்மா மூச்சு இழுக்கிறது கூடக் கேக்குதே," என்றார்.

"பாட்டுல இருக்கு மாமா. இத்தனை நாள் நம்ம வண்டியிலதான் இல்ல."

பிறகு சப்வூஃபரையும் சேர்த்துப் பாட விட்டாள். கனமான ஒரு தாளம் வரவேண்டிய இடத்தில் 'புஸ்' என்றது. மறுபடி 'புஸ்'. ஏதோ பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற மாதிரி.

அவள் சட்டென்று பாட்டை நிறுத்தினாள்.

"என்ன இது, ஆஸ்துமாவா?" என்றார் மாமனார்.

"இருங்க மாமா. வயர் எங்கயாவது மாறியிருக்கும்."

வயர் மாறவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, பார்த்து, மறுபடி பூட்டினாள். 'புஸ்.' மாமனார் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

"பொட்டியில குறை இருக்காது. நாப்பது வருஷத்துல என் பொட்டி திரும்பி வந்ததில்ல. ஸ்பீக்கர்லதான் ஏதோ. பாரு, பொறுமையாப் பாரு. பாலிஷ்காரர் அஞ்சு மணிக்குத்தான் வருவார்."

அவர் அதட்டிச் சொல்லவில்லை. நிதானமாகவே சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அவர் பட்டறைக்குள் போன பிறகு அவள் பெட்டியை வெளியே தூக்கி, வண்டியின் பின்தட்டில் வைத்தாள். சப்வூஃபரின் கறுப்புக் கிண்ணத்தின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மெதுவாக அழுத்திவிட்டு, கையை எடுத்தாள். காற்றுப் புகாத பெட்டி என்றால் கிண்ணம் சோம்பேறி மாதிரி மெல்ல மெல்லத்தான் மேலே வர வேண்டும். இது அழுத்திய கையை எடுப்பதற்குள் எழுந்து நின்றது. கூடவே எங்கிருந்தோ மெல்லிய ஒரு 'உஸ்'.

அவள் ஒரு கையால் கிண்ணத்தை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே, கன்னத்தைப் பெட்டியின் மேல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்தாள். பின்பக்கம், கீழ் மூலையில், கன்னத்தில் காற்று பட்டது. துணியின் மேல் விரலால் அழுத்தினாள். பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை.

டீ கொண்டுவந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"அத்தை, மாமா அலமாரிக்கெல்லாம் பின்னாடி ஒரு துளை போடுவாரே, எதுக்கு?"

"மரம் மூச்சு விடணும்னு. இல்லைன்னா உள்ள வைக்கிற துணி புழுங்கி வாடை வரும்பார். ஒண்ணு விடாம போடுவார்."

இருவரும் அந்த மூலையைப் பார்த்தார்கள்.

"இதுல துணியா வைக்கப்போறோம்," என்றாள் மருமகள். சிரிப்பு வந்தது. சிரிப்பு போன பின்னால் பயம் வந்தது. நாற்பது வருஷத்தில் செய்த ஒரு பெட்டிகூடத் திரும்பி வராத மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? அதுவும் இன்றைக்கு, அறைக்குப் பதில் சொல்லப்போகிற நாளில்?

அத்தை டீயைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் சொல்லாதே. ஒரு துண்டுத் துணியைக் கோந்துல நனைச்சு அடைச்சிடு. மேல கம்பளி மூடிக்கும். ஸ்பீக்கர்ல தான் கோளாறு, சரி பண்ணிட்டேன்னு சொல்லிடு. அவருக்கும் சந்தோஷம், உனக்கும் ரூம்."

"நீங்களா இருந்தா அப்படித்தான் செய்வீங்களா அத்தை?"

"நான் அப்படித்தான் செஞ்சிட்டிருக்கேன்," என்றாள் அத்தை.

மருமகள் டீயைக் குடித்து முடித்தாள். வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தாள். துணி அடைத்தால் நாளைக்கு இன்னொரு பெட்டி வரும், அதிலும் துளை இருக்கும். அதையும் அடைக்க வேண்டும். எத்தனை பெட்டிக்கு அடைப்பது? டம்ளரை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய், இரண்டு கை நிறைய மரத்தூளை அள்ளி வந்தாள். பெட்டியின் பின்னால் அந்த மூலையருகே குவித்து வைத்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

வந்தார். அவள் ஒன்றும் விளக்கவில்லை. நீள வயரில் பூட்டி, பாட்டைப் போட்டாள்.

'புஸ்.' மரத்தூள் ஒரு சிட்டிகை பறந்தது. 'புஸ்.' இன்னொரு சிட்டிகை. ஒவ்வொரு அடிக்கும் குவியலில் ஒரு சின்னக் குழி விழுந்துகொண்டே வந்தது.

மாமனார் குனிந்து பார்த்தார். விரலை நீட்டி, துணியின் மேல், சரியாக அந்த இடத்தில் வைத்தார். தேடவே இல்லை. விரலுக்கு இடம் தெரிந்திருந்தது.

பாட்டின் கீழே திடீரென்று கனமான ஒன்று எழுந்து நின்றது. விரலை எடுத்தார், 'புஸ்'. வைத்தார், மறுபடி எழுந்தது.

"கை தானாப் போட்டிருக்கு," என்றார் கடைசியில். "நான் போடல."

"தெரியும் மாமா."

"காத்து போகக்கூடாதுன்னு நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கேன் மாமா. அளவு எழுதின தாள்லயே, கீழ."

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"நான் நம்பரை மட்டும்தான் படிச்சேன்."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. பட்டறைக்குப் போய் ஒரு மரக்குச்சியைத் துளைக்குத் தக்கபடி சீவி எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மூலைத் துணியைப் பிரித்து, கோந்து தடவி, சுத்தியலால் நாலு தட்டு தட்டி இறக்கினார். மிச்சத்தை உளியால் வழித்து, துணியை ஒட்டி மூடினார். பார்த்துக்கொண்டு நின்றவள் மருமகள். "கோந்து இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல அவளுக்கு நாக்கு அரித்தது. சொல்லவில்லை.

பெட்டி மறுபடி வண்டிக்குள் ஏறியதும், நாலரை மணிக்கு அவர் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதே பாட்டு. சீட்டின் முதுகு வழியாக மெத்தென்று ஒரு அதிர்வு ஏறி வந்தது. சத்தம் கூடவில்லை. பாட்டுக்கு அடியில் தரை போட்டது போல இருந்தது. பாடுகிறவள் அந்தத் தரையில் நின்றுகொண்டு பாடினாள்.

"யாரு இவன், கீழ நின்னு வாசிக்கிறவன்?"

"எப்பவும் இருந்தான் மாமா."

"முப்பது வருஷமா?" என்றார். பாட்டு முடியும் வரை இறங்கவில்லை. முடிந்ததும் முதலிலிருந்து போடச் சொன்னார். இரண்டாவது தடவையும் முடிந்த பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ரூம் உனக்குத்தான்."

மருமகள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஐந்து மணிக்குச் சொன்னபடி பாலிஷ்காரர் வந்தார். மாமனார் வாசலுக்கே போய் அவரை எதிர்கொண்டார்.

"நாலு மாசமா உங்களை இழுத்தடிச்சிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. அந்த ரூமை மருமகளுக்குக் கொடுத்துட்டேன்."

பாலிஷ்காரர் விழித்தார். "எந்த ரூமு? அதான் அம்மா வியாழக்கிழமையே சாவி கொடுத்துட்டாங்களே. நீங்க மரக்கடைக்குப் போயிருந்தீங்க. ரெண்டு டிரம் உள்ள இறக்கியாச்சு. மிச்ச டிரம்மை எப்ப இறக்கலாம்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் இன்னைக்கு வந்தேன்." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

மாமனாரும் மருமகளும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள் அத்தை.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தை, நான் ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சீங்களா?"

"நீ ஜெயிச்சிடுவேன்னுதான் கொடுத்தேன்."

பாலிஷ்காரர் சாவியை வண்டியின் பின்தட்டில் வைத்தார். "நீங்க பேசிக்குங்க. நான் நாளைக்கு வந்து டிரம்மை எடுத்துக்கறேன், இல்லைன்னா வைக்கறேன்," என்று சொல்லி, செருப்புச் சத்தம் கேட்காமல் போய்விட்டார்.

அத்தை மருமகளிடம் பேசவில்லை. கணவரைப் பார்த்துத்தான் பேசினாள். வெங்காயம் உரித்தபோது இருந்த அதே முகம்.

"கல்யாணமாகி மூணாவது வருஷம் அந்த ரூம்ல தையல் மிஷின் போட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் தைக்கிறப்பல்லாம் வந்து பின்னாடி நிப்பீங்க. நூல் நேராப் போகலைம்பீங்க. காஜா ஒரு மில்லிமீட்டர் கோணல்ம்பீங்க. திட்டினதில்ல. ஒரு நாள் கூடத் திட்டினதில்ல. நின்னுட்டே இருப்பீங்க. ஏழு மாசம். அப்புறம் மிஷினைக் கொடுத்துட்டேன்."

"முதுகு வலின்னு சொன்னே."

"சொன்னேன்."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அது திரும்பும் வரை மாமனார் அதையே பார்த்தார்.

"இவ கையில வேலை இருக்கு," என்றாள் அத்தை. "நீங்க இவ பின்னாடியும் நிப்பீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். காலையில இருந்து நின்னதையும் பார்த்தேன். பெட்ரோல் பங்க் பக்கத்து ஷெட்டுன்னா அவ்வளவு தூரம் நீங்க நடக்க மாட்டீங்க. அதான்."

"நான் நல்லதுக்குத்தானே..." என்று தொடங்கிய மாமனார், மருமகளைப் பார்த்தார். அவள் "இல்ல மாமா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ரூம் வேணும் அத்தை. இங்கதான் வேணும்," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, நான் கதவைச் சாத்திட்டு வேலை பார்த்தா, தட்டிட்டு வருவீங்களா?"

"என் வீட்டுக் கதவை நான் தட்டணுமா?"

"ஆமா மாமா."

மாமனார் அவளையே பார்த்தார். பின்தட்டிலிருந்த சாவியை எடுத்தார். முன்னறையைத் திறந்து உள்ளே போனார். உள்ளிருந்து கதவைச் சாத்தினார். அது நிற்காமல் தானே மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது. அவரே செய்த கதவு, ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்ததில்லை. கதவின் உள்பக்கத்தை மேலிருந்து கீழ் வரை கையால் தடவினார். வெளியே வந்து நாதாங்கியையும் ஆட்டிப் பார்த்தார். இரண்டு பெண்களையும் தாண்டி, யார் முகத்தையும் பார்க்காமல், பட்டறைக்குள் போய்விட்டார்.

"கோபமா அத்தை?"

"தெரியலையேம்மா. முப்பத்தாறு வருஷமா இதை நான் கேட்டதே இல்லையே, எப்படித் தெரியும்?"

பட்டறைக்குள் இரும்புச் சாமான் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அங்கே மேல் இழுப்பறையில், கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்ளும் தாழ்ப்பாள்கள். கீழ் இழுப்பறையில், யாரும் நுழையாமல் வெளியிலிருந்து போடும் பூட்டுகள்.

முதலில் ஒன்றைத் திறந்தார். உள்ளே இரும்பு புரளும் சத்தம். அப்புறம் இன்னொன்றையும் திறந்தார். எதை எடுத்துக்கொண்டு வந்தார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.